பெருவிரல் மை

என் மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும், "இனிமே இங்க வெச்சுக்க முடியாதுங்க" என்று சிறப்புப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சிங்காநல்லூர் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைகள் இறுக்கம். பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் வரும். காகிதப் பை ஒட்டச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த டீச்சரோ முதலில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்.

"பெரியவங்க ஆயிட்டாங்கல்லங்க. இனி அவங்க கையெழுத்த அவங்கதானுங்க போடோணும்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நான் பம்ப் பட்டறையில் ஃபோர்மேன். ஆகாத வேலையில் நேரத்தைக் கொட்டினால் எனக்குப் பிடிக்காது.

அவள் ஏழு மாதம் எழுதினாள். பேனா வழுக்காமலிருக்க டீச்சர் அதில் ரப்பர் பேண்டுகளைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்திருந்தார். தினக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கமெல்லாம் அவள் பெயர்தான். முதலில் கோழி கிளறியது போல இருந்தது, போகப் போக எழுத்தாகிவிட்டது. இனிஷியலோடு சேர்த்து ஐந்து எழுத்து. முடிக்க நாலு நிமிடம் ஆகும். எழுதும்போது நாக்கு வெளியே வரும், எச்சில் வழியும். அவளே துடைத்துக்கொண்டு மேலே எழுதுவாள்.

உதவித்தொகை வாங்க அவள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனோம். காலையிலேயே அந்தப் பேனாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இரண்டு முறை திறந்து பார்த்தாள். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு என்னிடம்தான் கேட்டார்: "ஏனுங்க, பாப்பா கையெழுத்துப் போடுமுங்களா, ரேகைங்களா?"

அதற்குள் அவள் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் ஒரு அம்மா, "பாவம், கண்ணு" என்று உச்சுக்கொட்டினார்.

"ரேகையே வெச்சுக்குங்க" என்றேன்.

"அப்பா, நா போடறேன்."

"நேரமாகுது அம்மணி."

பேனாவைப் பிடுங்கி என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அவள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தேன். மூன்று இடத்தில். அவள் கையை இழுக்கவில்லை.

வீட்டில் அவள் விரலிலிருந்த மையைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டபோது, பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்றேன். பொய். அன்று நான் அரை நாள் லீவு. அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் அவள் நாக்கை நீட்டிக்கொண்டு, எச்சில் வழிய எழுதுவது எனக்கு வேண்டாமாயிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் அந்தக் காக்கைக்கும் கீழே. இதை மனைவியிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை.

பேனாவை அன்றே அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் காலண்டர் தாள் கேட்கவில்லை. "என்னங்க ஆச்சு, பேனாவத் தொடவே மாட்டேங்கறாங்க" என்று டீச்சர் போன் செய்தார். "தெரியலீங்க" என்றேன்.

நாலு மாதம் கழித்து, சட்டப்படி என்னை அவளுக்குப் பாதுகாவலராக நியமிக்கும் விசாரணைக்காகக் கலெக்டர் ஆபீஸ் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மணி, அப்பா உங்களுக்குப் பாதுகாவலரா இருக்கட்டுங்களா? சம்மதம்னா இங்க கையெழுத்துப் போடுங்க. மெதுவாவே போடுங்க, அவசரமில்லீங்க" என்று பேனாவை நீட்டினார்.

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் பேனாவை வாங்கவில்லை. மேசைமேல் மைப்பெட்டியைத் தேடினாள்.

"நல்லாப் போடுமுங்க" என்றேன் அதிகாரியிடம். அவள் பக்கம் குனிந்து, "போடு கண்ணு, அப்பா இருக்கறேன்" என்றேன்.

அவள் பெருவிரலை என்னிடம் நீட்டினாள்.

"வேண்டாம்ப்பா. நேரமாகும்."