ஒரு தடவைதான் ஒலிக்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் கணவர் சொல்வார். பரீட்சை மண்டபத்தில் மட்டும் அதை அடக்கி வைத்திருப்பேன். ஆக்லாந்து நகர மையத்தில், ஒரு வங்கிக்கு மேலே ஐந்தாம் மாடியில் இருக்கும் மொழிப் பள்ளி ஒன்றில் எட்டு வருடங்களாகப் பரீட்சை மேற்பார்வையாளராக இருக்கிறேன். சீனாவிலிருந்து இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர வருகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தைக் கேட்டு விளங்குகிறதா, வாசித்து விளங்குகிறதா என்று சோதிப்பது எங்கள் வேலை. தேறினால் நேரே பன்னிரண்டாம் ஆண்டு வகுப்பு. தேறாவிட்டால் மொழி வகுப்பில் காத்திருந்து, அடுத்த வருடம் தங்களைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டும். பதினாறு வயதில் ஒரு வருடம் பின்தங்குவது லேசான விஷயம் இல்லை.

அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்கு வரும் அழகே தனி. உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற பை. அதில் ஒரே உயரத்துக்குச் சீவிய நான்கு பென்சில்கள், ஒரு அழிறப்பர், மடித்த கைக்குட்டை. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூட உரித்துவிட்டுத்தான் கொண்டு வருவார்கள். நாங்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இங்கே பிறந்த என் பிள்ளைகள் இரண்டும் பரீட்சைக்குப் போன இலட்சணம் எனக்குத் தெரியும். பேனா இருக்கிறதா என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தேடுவார்கள்.

வாசிப்புத் தாளைக் கொடுத்தால் இன்னும் பார்க்க வேண்டும். வாசிக்க வேண்டிய பந்தியைத் தொடவே மாட்டார்கள். முதலில் கேள்விகள். கேள்வியில் எது முக்கியமோ அதற்குக் கீழே ஒரு மெல்லிய கோடு. பிறகு பந்திக்குள் இறங்கி, தேடிய இடத்தில் போய் நிற்பார்கள். நான் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, நாங்கள் படித்த காலத்தில் யாராவது இதைச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஆனாலும் ஒரு குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என் வாய் அப்படி. இவர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறவர்கள், கிளிப்பிள்ளைகள் என்பேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தபோது என் மாணவர்களைத் திட்டிய அதே சொல்தான். அதை விமானத்தில் ஏற்றி இங்கேயும் கொண்டு வந்திருந்தேன்.

நான் சொல்லப்போகிற நாள் ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அடுத்த திங்கள் பள்ளிகள் தொடங்க இருந்தன. இங்கே அப்போது கோடை. கோடை விடுமுறை என்றால் ரயில் பாதையைத் திருத்துகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள். நாங்கள் இருக்கும் நியூ லின்னிலிருந்து அந்த பஸ் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது நான் பதினைந்து நிமிடம் பிந்தியிருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் முதுகை நிமிர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேர் ஒரே குழுவாக வந்தவர்கள். இந்தப் பரீட்சைக்கென்றே ஒரு மாதம் பயிற்சி எடுத்தவர்கள். ஒரு பெண் மட்டும் தனியாக, சீனாவின் உட்பகுதியில் ஏதோ ஒரு சிறு நகரத்திலிருந்து வந்திருந்தாள். வட்டக் கண்ணாடி, கழுத்துவரை வெட்டிய முடி. கடைசி வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள்.

முதலில் கேட்டல் பரீட்சை. ஒலிப்பதிவின் தொடக்கத்தில் ஒரு முன்னுரை உண்டு. ஒரு மனிதர் அவசரமே இல்லாத குரலில், எத்தனை பகுதி, எத்தனை கேள்வி, எப்படி எழுத வேண்டும், ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவைதான் ஒலிக்கும் என்றெல்லாம் சொல்வார். இரண்டு நிமிடம். எட்டு வருடத்தில் அந்த மனிதரின் குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அன்று பிந்தியும் விட்டது. இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாததா என்று நினைத்து, முன்னுரையைத் தாண்டி நேரே முதல் பகுதியைப் போட்டேன்.

பதினொரு பென்சில்கள் ஓடத் தொடங்கின. ஜன்னலோரப் பெண் கேள்விகளை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தாள். பென்சிலை மேசையில் வைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நித்திரை என்று நினைத்தேன். நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருப்பாள், பாவம் என்றும் தோன்றியது. பக்கத்தில் போய் மேசையில் மெதுவாகத் தட்டினேன். கண்ணைத் திறந்து, மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு தூரம் அனுப்பிய தாய் தகப்பனை நினைத்தாவது ஒரு எழுத்து எழுதக் கூடாதா? பகுதி பகுதியாக இருபது நிமிடம் ஓடியது. பகுதிகளுக்கு இடையில் கண்ணைத் திறந்து கேள்விகளைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். அவளுடைய விடைத்தாள் வெள்ளையாகவே இருந்தது.

பதிவு முடிந்தது. விடைகளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் என்றேன். அவள் கையை உயர்த்தினாள். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"இரண்டாவது தடவை எப்போது தொடங்கும்?"

"இரண்டாவது தடவை கிடையாது" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த நிறமெல்லாம் காதுக்கு ஏறியது. ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினாள். கேள்வி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக, நிறுத்தாமல். இடையிடையே கண்ணை மூடுவாள், உதடு அசையும், மறுபடியும் எழுதுவாள். நேரம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னதும் அந்தக் கணமே பென்சிலைக் கீழே வைத்தாள். கடைசி மூன்று கேள்விகள் வெறுமையாகவே இருந்தன.

மத்தியானம் திருத்தினேன். முப்பதுக்கு இருபத்தேழு. எழுதிய ஒன்றுகூடப் பிழை இல்லை. அந்த மண்டபத்தில் அதுதான் அதிக புள்ளி. ஆனால் திருத்துவதற்கு முன்பே, கோபத்தோடு, என் மேற்பார்வை அறிக்கையில் எழுதிவிட்டிருந்தேன்: பதிவு ஒலித்தபோது இந்த மாணவி எதையும் எழுதவில்லை.

பரீட்சைப் பொறுப்பாளர் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்ப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். விடைத்தாளையும் என் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு ஒரே அர்த்தம்தான் லா. பதில் முன்னாடியே கையில இருந்திருக்கு. யாரோ பேப்பரை வெளியே விட்டுட்டாங்க."

"பதில் தெரிஞ்சவள் மூண்டு கேள்வியை ஏன் விடுறாள்?"

"சந்தேகம் வரக்கூடாதுன்னு விட்டிருப்பா. நாளைக்குக் காலையில வரச் சொல்றேன். சரியான விளக்கம் இல்லன்னா ஸ்கூலுக்கு எழுதித்தான் ஆகணும். அவங்க சீட்டைக் குடுக்க மாட்டாங்க. விசாவும் போயிடும், திரும்பிப் போக வேண்டியதுதான்."

என் அறிக்கையை எடுத்து மறுபடியும் வாசித்தேன். அந்தப் பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நான் எழுதிய ஒரு வரி.

வெயில் இன்னும் தாழாத அந்தப் பின்னேரம் சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வை பார்க்கிறார். தினமும் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு விதிகளை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர்கள் கொட்டாவி விட்டாலும் அவர் ஒரு சொல் விடமாட்டார்.

"அந்தப் பிள்ளை ரெண்டாந்தரம் வரும் எண்டு ஏன் நினைச்சவள்?" என்று கேட்டார். "ஒருக்காத்தான் எண்டு துவக்கத்தில சொல்லுமெல்லே?"

"ஓம், சொல்லும்."

"நீர் அதைப் போட்டனீரோ?"

"சோறு ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து கதவுக்கு வெளியே நின்றாள். விடைகளைத் திருடினாயா என்று பொறுப்பாளர் கேட்டார், விளக்கம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னாள். அவளுடைய பள்ளியில் கேட்டல் பயிற்சி என்றால் முழுப் பதிவையும் இரண்டு தடவை போடுவார்களாம். முதல் தடவை பேனாவைத் தொடக் கூடாது. தொட்டால் ஆசிரியை வந்து பேனாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கை எழுதினால் காது மூடிவிடும் என்பது அவருடைய கட்சி. இரண்டாவது தடவைதான் எழுத வேண்டும்.

"எழுதாமல் இருந்தால் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"ஒவ்வொரு நாள் காலையும் வகுப்புத் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாக வாசிப்போம். புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்ல வரும்வரை வாசிப்போம். மூன்று வருடம் அப்படிச் செய்தேன். இப்போது யாராவது ஆங்கிலம் பேசினால் எனக்குள் இன்னொரு தடவை ஓடும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளிப்பிள்ளைகள் என்று நான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. "புதுப் பதிவு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்" என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அதைச் சொல்லவாவது வாய் வந்தது.

பொறுப்பாளர் பூட்டிய அலுமாரியிலிருந்து இன்னும் முத்திரை உடைக்காத பொதி ஒன்றை எடுத்தார். வினாத்தாளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். மேசையில் பென்சிலும் இல்லை, தாளும் இல்லை. ஒரு பெண் வாடகை வீடு பார்க்க வருகிறாள், வீட்டுக்காரர் அறை அறையாகக் காட்டுகிறார். ஐந்து நிமிட உரையாடல். அவள் கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். முந்தின நாள் நித்திரையாகத் தெரிந்த அதே முகத்தை இப்போது சரியாகப் பார்த்தேன். இமைகளுக்குக் கீழே கண்கள் அசைந்துகொண்டிருந்தன. இவ்வளவு கவனமாக யாராவது கேட்டு நான் பார்த்ததே இல்லை.

முடிந்த பிறகுதான் வினாத்தாளைக் கொடுத்தார். எட்டுக் கேள்விக்கும் எட்டு விடை சரி. பொறுப்பாளருக்கு அது போதவில்லை. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"குளியலறைக் கதவைப் பற்றி அந்த மனிதர் என்ன சொன்னார்?"

"மழைக்காலத்தில் இறுகிவிடும், தோளால் தள்ள வேண்டும் என்றார். சொல்வதற்கு முன் கொஞ்சம் சிரித்தார்."

பொறுப்பாளர் அந்த இடத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தார். மனிதர் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன உரிமையில் பெருமை என்று கேட்காதீர்கள், இருந்தது. நாற்பது பேர் வரிசையில் நின்று குளிர்காலக் காலைகளில் சத்தமாக வாசிக்கிற ஒரு காட்சி மனதில் வந்தது. நான் ஒரு முறையும் பார்க்காத அந்த ஆசிரியையின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது.

"உன் புள்ளிகள் உன்னுடையவைதான். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகலாம்" என்றார் பொறுப்பாளர். பிறகு என் பக்கம் திரும்பி, "ஃபைலை மூடிடலாம் அக்கா" என்றார்.

மூடியிருக்கலாம். அந்தப் பெண் எழுந்து நன்றி சொன்னாள். ஆனால் போகவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"ஆசிரியை, ஒன்று கேட்கலாமா? ஒரு தடவைதான் ஒலிக்கும் என்று நேற்று எப்போது சொன்னீர்கள்?"

நான் வினாத்தாளை எடுத்துப் பொதிக்குள் வைத்தேன்.

"நீங்கள் கதவைத் திறந்ததிலிருந்து எல்லாவற்றையும் நேற்று முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். காலை வணக்கம் என்றீர்கள். பஸ் பிந்திவிட்டது, மன்னியுங்கள் என்றீர்கள். போன்களைப் பைக்குள் வைக்கச் சொன்னீர்கள். அடுத்து பதிவில் ஒரு பெண் நூலகத்துக்குப் போன் எடுக்கிறாள். அந்த வசனம் எங்கேயும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் எப்படி விழுந்துபோனது? இதுவரை எனக்கு அப்படி ஆனதில்லை. இனி என் காதை எப்படி நம்புவது?"

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் பிழை விட்டிருக்கலாம் என்ற எண்ணமே அந்தப் பிள்ளைக்கு வரவில்லை. தன்னைத்தான் ஒரு பகலும் ஒரு இரவும் குடைந்திருக்கிறாள்.

"நான் சொல்லவில்லை" என்றேன். "அது பதிவிலே இருக்கிறது. நேரம் போய்விட்டது என்று நான்தான் அதைத் தாண்டிப் போட்டேன். மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பிழை என்னுடையது."

பொறுப்பாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு மூன்று மாதம் என்னை மண்டபத்துக்கு விடவில்லை, விடைத்தாள் அடுக்கத்தான் விட்டார்கள். அது நியாயம்தான்.

திருடினாயா என்று கேட்டபோதும், திருப்பி அனுப்பிவிடுவோம் என்றபோதும் அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். கண்ணாடியைக் கழற்றி, மடித்த கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியென்றால் நான் ஒன்றையும் தவறவிடவில்லை" என்றாள்.

"ஒன்றையும் தவறவிடவில்லை" என்றேன்.