பாக்கெட்டின் வளைவு

யாங்கூனில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நான் டிசைனர். தையல் பெண்கள் என்னை மரியாதையாக ‘சயாமா’ என்று அழைப்பார்கள். நான் வரைந்த சட்டை ஒன்றில் பாக்கெட்டின் வாய் பிறைபோல வளைந்திருக்கும். அதைத் தைத்த செல்வி ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

“சயாமா, இந்த வளைவைக் கொஞ்சம் நேராக்குங்க. துணி இழுத்துக்குது. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறதுல வேலை பிந்துது. சூப்பர்வைசர் திட்டுறாரு.”

“தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு வரும்” என்றேன், தலையைக்கூடத் திருப்பாமல்.

மறுவாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சில நாட்களில், சட்டையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமே வளைவு வேண்டாம் என்று எழுதியது. இரண்டே நிமிடத்தில் நேராக்கிவிட்டேன்.

மனம் கேட்கவில்லை. படகில் ஆற்றைக் கடந்து, டாலாவில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். கைக்குழந்தையோடு வெளியே வந்தாள்.

“வளைவை எடுத்துட்டேன், செல்வி. மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். திரும்ப வந்துடு.”

“வேணாம் சயாமா. அன்னைக்கு நீங்க சொன்னதையேதான் சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. இனி அங்க உக்காந்தா எனக்குக் கை நடுங்கும்.”

அவள் குரலில் கோபமே இல்லை. நான் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒருநாள், அந்தப் பழைய வளைவை நானே மெஷினில் தைத்துப் பார்த்தேன். மூன்று முறை பிரித்துத் தைத்தும் எனக்கு வரவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.