டைனமோவுக்கு மேலே ஒரு தகடு

ஊர்காவற்றுறைக் கரையில் பத்திநாதரின் பிக்கப்பைத் தெரியாதவர் இல்லை. மூக்குப் பருத்த பழைய ஒஸ்ரின் ஏ போர்ட்டி. காலையில் வள்ளங்கள் கரை தொட்டதும் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, வேலணையையும் மண்கும்பானையும் தாண்டி, கடலுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பண்ணைப் பாதையால் யாழ்ப்பாணச் சந்தைக்கு ஓடும். ஐஸ் உருகி ஒழுகிய தண்ணீர் அது போன வழியைச் சொல்லும்.

அதை வாங்கியவர் பத்திநாதரின் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை. "கொம்பனி பூட்டின எஞ்சின். வேறை ஒருதற்றை கையும் படேல்லை" என்று கோயில் வாசலிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். சொல்லிச் சொல்லி அது அந்த வீட்டில் மாலைச் செபம் போல ஆகிவிட்டது. 1983 தொடக்கத்தில் அவர் கண்ணை மூடியபோது வண்டியும் அந்த வசனமும் சேர்ந்தே மகனுக்கு முதுசமாக வந்தன.

தீவில் இரும்பை வெறுமையாக விட முடியாது. உப்புக்காற்று ஒரு மாரிக்குள் தின்று முடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்தோனியார் பெருநாளுக்கு முன்னர் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்றை எஞ்சினுக்கும் பூசிவிடுவார்கள். ஆணி, தகடு, எழுத்து என்று எதையும் பார்ப்பதில்லை. வள்ளம் குருசுமுத்துவுடையது. அந்த வருடம் வள்ளம் என்ன நிறமோ, பொனற்றைத் திறந்தால் எஞ்சினும் அதே நிறம்.

குருசுமுத்து பத்திநாதரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பத்திநாதர் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்த காலத்தில், பஸ்ரியாம்பிள்ளையோடு பிக்கப்பில் உதவிக்கு ஏறித் திரிந்தவர். பிறகு சொந்தமாக வள்ளம் வைத்துக்கொண்டார். அவர் பிடிப்பார், பத்திநாதர் ஏற்றுவார். இருவருக்கும் இடையில் எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்படியொன்று தேவைப்படும் என்று இருவரும் நினைத்ததும் இல்லை.

1984 ஆனி. பெருநாள் முடிந்த கையோடு, அல்லைப்பிட்டியைத் தாண்டும்போது பொனற்றுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை எழும்பியது. வண்டியைக் கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வேலணையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை மெக்கானிக் சைக்கிளில் வந்து எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். இடையில் கசிவை அடைக்கும் கஸ்கற் கருகித் துண்டு துண்டாக உதிர்ந்தது. அவர் எஞ்சினைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, முகத்தைச் சுழித்தார்.

"பத்திநாதர், உது ஏ போர்ட்டி எஞ்சின் மாதிரித் தெரியேல்லை. கொஞ்சம் பெரிசாக் கிடக்கு. டைனமோவுக்கு மேலை ஒரு தகடு இருக்கும். சுரண்டிப் பாத்தால் நம்பர் தெரியும்."

"பெருநாள் பூச்சு அண்ணை. இன்னும் வடிவாக் காயவுமில்லை. சுரண்டினால் உப்பு ஏறிவிடும்."

"உப்பு ஏறினால் திரும்பப் பூசலாம். பிழையான கஸ்கற் வந்தால் என்னத்தைப் பூசுவீர்?"

கவிழ்த்த மீன்பெட்டியில் குந்தியிருந்த குருசுமுத்து சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"சுரண்டத் தேவையில்லை. அது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின்ரை எஞ்சின். நான் சொல்லுறன்."

"அண்ணை, உது கொம்பனி எஞ்சின்."

"டேய் பத்தி, நீ அப்ப போடிங்கிலை. உன்ரை அப்பு பண்ணைப் பாதையிலை எஞ்சின் கொதிச்சு நிக்கேக்கை, நல்ல தண்ணி இல்லையெண்டு வாளியாலை கடல் தண்ணியை அள்ளி ஊத்தினவர். ஒருக்கால் இல்லை, அந்தக் கோடை முழுக்க. உப்புத் திண்டு எஞ்சின் வெடிச்சுப் போச்சு. சுன்னாகத்திலை அடிபட்டுக் கிடந்த காரிலை இருந்து கழட்டித்தான் இதைப் பூட்டினது. எஞ்சினைத் தூக்கச் சங்கிலி பிடிச்சவன் நான்."

கரையில் நின்றவர்களுக்கு இது போதும். "அப்ப பஸ்ரியாம்பிள்ளையர் எஞ்சினுக்கு உப்புப் போட்டுக் கஞ்சி வைச்சிருக்கிறார்!" என்றான் ஒருவன். "மீனும் போட்டிருந்தால் கூழ்!" என்றான் மற்றவன். எல்லாரும் சிரித்தார்கள். குருசுமுத்துவும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

பத்திநாதரின் காது சிவந்தது. தகப்பன் இறந்து ஒன்றரை வருடம் ஆகவில்லை.

"செத்த மனுசனை இழுக்காதையுங்கோ. அப்பு பொய் சொல்லுறவரில்லை."

குருசுமுத்துவின் சிரிப்பு நின்றது. "அப்ப நான் சொல்லுறவனோ?"

பத்திநாதர், கடவுச்சீட்டு விஷயமாகக் கொழும்புக்குப் போக இருந்த தன் தமக்கையின் மகன் லியோன் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "ஒஸ்ரின் ஏ போர்ட்டி கஸ்கற். அப்பிடிக் கேட்டு வாங்கு."

ஒரு விரற்கடை பெயின்றைச் சுரண்டியிருந்தால் போதும். அவருக்கு அது தகப்பனின் வாயைக் கிண்டிப் பார்ப்பது போலிருந்தது.

லியோன் போய்வரக் கனநாள் எடுத்தது. அந்தக் கிழமைகளில் பார்த்து மீனும் நிறையப் பட்டது. குருசுமுத்து ஏற்ற வழியில்லாத மீனை அயலுக்குக் கொடுத்தார், மிச்சத்தைக் கீறி உப்பிட்டுக் காயப்போட்டார். பட்டணத்து வியாபாரி ஒருவன் லொறி அனுப்ப ஆயத்தமாக இருந்தான். ஆனால் பிடிபடும் மீன் முழுவதும் இனி எப்போதும் தனக்கே என்று வாக்குக் கேட்டான். குருசுமுத்து உடனே கொடுக்கவில்லை. மனைவி பிலோமினம்மாவை அனுப்பினார். அவள் பத்திநாதர் வீட்டு வேலியடியில் நின்றுகொண்டு அவர் மனைவி மேரிறோஸிடம் கேட்டாள்.

"கஸ்கற் எப்ப வரும் எண்டு அவர் கேட்டுவரச் சொன்னவர்."

"வரேக்கை வரும் எண்டு சொல்லு!" உள்ளே கதிரையில் இருந்த பத்திநாதரின் குரல் வேலியைத் தாண்டிப் போனது.

மறுநாள் வியாபாரியின் லொறி வந்து நின்றது.

லியோன் கொண்டுவந்த கஸ்கற்றை ஆழ்வாப்பிள்ளை எஞ்சினில் வைத்தார். பெரிய ஆளுக்குச் சின்னப் பிள்ளையின் சட்டை போட்டதுபோல் இருந்தது. சிலிண்டரின் வாய் பெரிது, கஸ்கற்றின் ஓட்டை சிறிது. அவர் அதை எடுத்து அப்பால் வைத்தார். ஒரு கடதாசி மட்டையை எடுத்து எஞ்சின்மேல் வைத்துச் சுற்றிவர மெல்லத் தட்டினார். ஓட்டைகளின் விளிம்பெல்லாம் மட்டையில் பதிந்தன. "இதைக் கடையிலை காட்டு தம்பி. பேர் ஒண்டும் சொல்லாதை" என்று லியோனிடம் கொடுத்தார்.

அடுத்த பயணத்தில் வந்த கஸ்கற் அச்சுப்போலப் பொருந்தியது. லியோன் வாயெடுத்தான்.

"மாமா, கடைக்காரன் மட்டையைக் கண்ட உடனையே சொன்னவன், இது—"

"பூட்டினால் சரி. நீ போய்ச் சாப்பிடு."

அந்த நிமிடமே பத்திநாதருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்று எண்ணிக்கொள்வதுதான் வசதியாக இருந்தது.

பிக்கப் மறுபடி ஓடியது, வேறு ஆட்களின் மீனோடு. கடற்கரையில் இருவரும் எதிர்ப்பட்டால் ஒருவர் வலையைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். பத்திநாதர் குருசுமுத்துவின் வாசற் படலைவரை போய், செருப்பைக் கழற்றாமலே திரும்பிவந்த நாட்கள் உண்டு.

"போய் ஒரு சொல்லுச் சொன்னால் என்ன? உங்கடை வாயைவிட அந்த எஞ்சின் கெதியா ஸ்ராட் எடுக்கும்" என்பாள் மேரிறோஸ்.

"பெருநாளுக்குள்ளை போறன்" என்பார். பெருநாள் வந்தது. அவர் கடையில் சிவப்புப் பெயின்ற் வாங்கித் தனியே பூசிக்கொண்டார். குருசுமுத்துவின் வள்ளம் அந்த வருடம் பூச்சில்லாமலே கிடந்தது. கடலில் நேவியின் பயம். தொழிலுக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊரில் ஒவ்வொரு குடும்பமாக இராமேசுவரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பத்திநாதர் வெளியே வந்தபோது, பிக்கப்புக்குப் பக்கத்தில் குருசுமுத்து நின்றார். உள்ளங்கையைப் பொனற்றின்மேல் வைத்திருந்தார்.

"எஞ்சின் ஓடுதோ?"

"ஓடுது."

குருசுமுத்து கையை எடுக்கவில்லை. பத்திநாதர் ஒரு அடி கிட்டப் போனார். அதற்குள் யாரோ கோயில் விறாந்தையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். குருசுமுத்து பொனற்றை இரண்டு தரம் தட்டிவிட்டு நடந்தார். அந்தக் கிழமைக்குள் அவர் வீட்டுப் படலை கயிறால் கட்டிக் கிடந்தது. வள்ளத்தையும் காணவில்லை.

1990இல் சனங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டபோது, பத்திநாதரும் மேரிறோஸும் கிடைத்ததை அந்தப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாதையால் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுப்பாதையில் எஞ்சின் சூடேறியது. இரண்டு பக்கமும் கடல். பத்திநாதர் கலனில் கொண்டுவந்த குடிதண்ணீரை முழுவதும் ரேடியேற்றருக்குள் ஊற்றினார். ஊற்றும்போது தகப்பனின் கையும் அந்த வாளியும் கண்ணுக்கு முன்னே நின்றன. தண்ணீர் இல்லாத இடத்தில், மீன் கெட்டுவிடும் என்ற அவசரத்தில், அந்த மனிதன் வேறென்ன செய்திருப்பார்? வெட்கப்படுவதற்கு அதில் என்ன இருந்தது?

பெற்றோல் இல்லாத காலம் வந்தது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. கொய்யாத்தோட்டத்தில் அவர்கள் இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் சில்வெஸ்ரர் என்ற மெக்கானிக் இருந்தான். மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி ஹெட்டுக்குக் கீழே இன்னொரு கஸ்கற் வைக்கவேண்டும் என்றான்.

"எந்த எஞ்சின் அண்ணை இது?"

பத்திநாதர் அவனிடமிருந்து திருப்புளியை வாங்கினார். டைனமோவுக்கு மேலே தானே சுரண்டத் தொடங்கினார். முதலில் அவர் வருடா வருடம் தனியே பூசிய சிவப்பு உதிர்ந்தது. அதற்குக் கீழே பச்சை, குருசுமுத்துவோடு பங்கிட்ட கடைசிப் பெருநாள். பிறகு நீலம், மஞ்சள், மறுபடி நீலம். ஒவ்வொன்றும் அந்த வள்ளத்தின் ஒரு வருடம். கடைசியில் தகடு தெரிந்தது. சில்வெஸ்ரர் எச்சில் தொட்டுத் துடைத்து வாசித்தான்.

"கேம்பிறிட்ஜ். ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றார் பத்திநாதர்.

அடுத்த வருடம், அதே ஒழுங்கையில் இருந்த அந்தோனியம்மா, இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் அகதி முகாமில் இருக்கும் மகளிடம் போகப் புறப்பட்டாள். குருசுமுத்து அங்கேதான் என்று ஒருவர் சொன்னார், திருச்சிப் பக்கம் என்று இன்னொருவர் சொன்னார். பத்திநாதர் அவளுடைய வாசலுக்குப் போனார். இந்தமுறை செருப்பைக் கழற்றினார்.

"அக்கா, குருசுமுத்து அண்ணையைக் கண்டால் ஒரு சொல்லுச் சொல்லவேணும். அது கேம்பிறிட்ஜ் எஞ்சின்தான் எண்டு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கடல் கடந்து போய் இதைத்தான் சொல்லவோ? சுகமோ எண்டு கேக்கத் தேவையில்லையோ?"

"முதல் இதைச் சொல்லுங்கோ. பிறகு கேளுங்கோ."

அந்தோனியம்மா திரும்பி வரவில்லை. அவள் கண்டாளோ, சொன்னாளோ, கேட்டவர் சிரித்தாரோ, ஒன்றும் தெரியவில்லை. பெருநாள் வந்தபோது பத்திநாதர் வழக்கம்போல எஞ்சினுக்குப் பூசினார், அந்தத் தகட்டை மட்டும் விட்டு.

"உதை மட்டும் ஏன் விட்டனீங்கள்? துரு ஏறப்போகுது" என்றாள் மேரிறோஸ்.

"ஏறினால் துடைக்கிறன்" என்றார்.

துருவும் ஏறியது. காலையில் எஞ்சினை ஸ்ராட் பண்ணுவதற்கு முன்னர் பொனற்றைத் திறந்து, எண்ணெய்த் துணியால் அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.