பெட்டகத்தின் எடை

“மூட்டை ஏத்தி இறக்கவோ பிள்ளை கம்பசுக்குப் போனனீ? அந்தத் தடியன்களுக்கு முன்னால உன்ர சொல் எடுபடுமோ?”

பூசை முடிந்து, கிளேட்டனில் எங்கள் குசினிக் கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி ஓர் அன்ரி கேட்டார்.

“ஓம் அன்ரி, எடுபடும்” என்றேன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அதை மெதுவான குரலில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

விமானப்படைச் சரக்கு விமானத்தில் நான் லோட்மாஸ்டர். ஏறும் ஒவ்வொன்றையும் எடை நிறுத்து, எங்கே வைப்பதென்று கணித்து, சுமைத்தாளில் கையெழுத்திட வேண்டும். அதில்லாமல் விமானம் கிளம்பாது. அன்ரி கேட்ட அடுத்த வாரம் போன ஆபிரிக்கக் கரையோரப் பயணம்தான் எனக்கு வைத்த தேர்வு. விமானத்தை ஓட்டும் கப்டன் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் என்னை நிரந்தரமாகச் சேர்ப்பார்கள்.

என்ன கப்டன், என்ன குழு! ஜிபூட்டி, மொம்பாசா, தாருஸ்ஸலாம் என்று மூன்று ஊர்களில் தங்கினோம். மூன்றிலும் அவர்கள் கண்டது ஹொட்டேல் நீச்சல் குளமும் பேர்கரும்தான். “ஆபிரிக்கா எல்லாம் ஒரே மாதிரி” என்று குளத்துக்குள் கிடந்தபடியே முடிவு கட்டினார்கள். மொம்பாசாக் கடற்கரையில் ஒருவர் சுடச்சுடப் பொரித்த மீனை நான் வாங்கித் தின்றேன். “வயிறு கெட்டால் எங்களைக் கூப்பிடாதே” என்றான் துணை விமானி. மறுநாள் முழுக்கக் கழிப்பறையில் இருந்தவன் அவன்.

தாருஸ்ஸலாமில், புறப்படும் காலையில், பித்தளைக் குமிழ் பதித்த மரப் பெட்டகம் ஒன்று லொறியில் வந்து இறங்கியது. கப்டன் தன் வீட்டுக்கு வாங்கியது. சொந்தச் சாமான் ஏற்ற அனுமதியில்லை.

“கைப்பை என்று எழுது, மேட்” என்றார், கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல.

“நாலு பேர் தூக்கும் கைப்பையா, சேர்?”

“இந்த விமானம் இதற்கெல்லாம் அசையாது.”

“அசையாது. ஆனால் தாளில் பொய் எழுத மாட்டேன்.”

“உன் அறிக்கையை எழுதப்போவது யார் தெரியுமா?”

தெரியும். பெட்டகத்தைத் தராசில் ஏற்றினேன். ‘கப்டனின் பெட்டகம், நூற்றுப் பதினெட்டு கிலோ’ என்று அவர் கண்முன்னே எழுதினேன். அந்தத் தாள் தளத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வது அவர்தான். பெட்டகம் திரும்ப லொறியில் ஏறியது. அந்த வரியை வெட்டிவிட்டுக் கையெழுத்திட்டேன். சிட்னி வரும்வரை ஒருவனும் என்னோடு பேசவில்லை. பேசி எனக்கு என்ன ஆகப்போகிறது?

அறிக்கையில் என் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘குழுவோடு ஒத்துப்போகாதவர், சேர்க்க வேண்டாம்’ என்று மட்டும் இருந்தது.

நடந்ததை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதி, வேறு கப்டனின் கீழ் மறுதேர்வு கேட்டு, இன்று காலை விமானப்படைத் தளத் தலைவரின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.