அறுபட்ட பூட்டு

வடக்கு டகோட்டாவின் இந்த மூலையில் வேலை என்றால் கோதுமைக் கிடங்குதான். போன வாரம் நாங்கள் புதைத்த என் அண்ணன் டெல்மர், பள்ளி முடித்ததிலிருந்து அங்கேதான் இருந்தான்.

உயரமான தொட்டிக்குள் கோதுமை கட்டிப்போனால் ஒருவர் உள்ளே இறங்கிக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். அப்போது அடியில் தானியம் இழுக்கும் இயந்திரம் ஓடினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் இறங்குகிறவர் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவடையில் லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. கூட வேலை பார்த்த இளைஞன் ட்ராவிஸ் தொட்டிக்குள் இருக்கும்போதே மேலாளர் ரிக் அவன் பூட்டை வெட்டிப் போட்டார். டெல்மர் சுவிட்சை மறைத்து நின்றான்.

"தள்ளுய்யா, லாரிக்காரங்க கத்துறாங்க."

"பையன் மேல வரட்டும். அப்புறம் என்னையும் வெட்டிக்கங்க."

ட்ராவிஸ் மேலே ஏறி வரும்வரை டெல்மர் நகரவில்லை. அன்றே தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்கு ஃபோன் செய்தான். அறுபட்ட பூட்டை ஆதாரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

ஆய்வாளர் வந்தபோது பூட்டைக் காட்டினான்.

"இவனே வீட்டுல வெட்டியிருப்பான்" என்றார் ரிக்.

ட்ராவிஸின் மனைவிக்கு அது நிறைமாதம். "யாரும் வெட்டல சார், நானேதான் கழட்டினேன்" என்றான் அவன்.

ஆய்வாளர் கிளம்பிப் போனதும் டெல்மரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கம்பெனிப் பொருளான பூட்டைத் திருடினான் என்று காரணம் சொன்னார்கள்.

அதன்பின் அவன் காப்பிக் கடைக்குள் நுழைந்தாலே யாராவது ஆரம்பிப்பார்கள்: "டெல்மர் வர்றான், உப்பு டப்பாவைப் பூட்டுங்கப்பா!" முதலில் அவனும் சிரித்தான். பிறகு போவதை நிறுத்திக்கொண்டான். திருடன் என்று பெயர் வாங்கியவனுக்குப் பக்கத்து ஊர்களிலும் வேலை கிடைக்கவில்லை. வெகுதூரம் காரோட்டிப் போய் வான்கோழிக் கொட்டகைகளைக் கழுவினான். அங்கேயே ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் சாப்பாடு. ட்ராவிஸ் வந்திருந்தான். இப்போது அவன்தான் கிடங்கில் மேற்பார்வையாளர். சாண்ட்விச்சைத் தொடாமல் தட்டைப் பிடித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"லோரெட்டா அக்கா, அந்தப் பூட்டு உங்ககிட்டயா இருக்கு?"

"இருக்கு."

"குடுத்துருங்கக்கா. வெளிய வந்தா எனக்குத்தான் சிக்கல். என் பேர் போட்டிருக்கு."

அவன் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கியது, காது சிவந்திருந்தது.

"அது திருட்டுப் பொருள் ட்ராவிஸ். அப்படித்தானே எல்லாரும் சொன்னீங்க. என்கிட்டயே இருக்கட்டும்."