பிதுங்கிய பேஸ்ட்

கும்மிடிப்பூண்டியில் கார் மெக்கானிக்காக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்தத் தப்பையும் தூசி மேல் போட்டுவிடலாம். இரும்பு ஆலைத் தூசி எல்லா வண்டியிலும் இருக்கும், அது வந்து வாதாடப் போவதில்லை.

அந்த ஷிஃப்ட் வண்டி மூன்றாவது முறையாக வந்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன். ரயிலில் வந்து இறங்கும் தொழிலாளிகளைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் கார். என்ஜின் சூடானதும் நடுங்கும், அப்படியே நின்றுவிடும். அன்று காலையும் வழியில் நின்று லேட். சாயங்கால ஷிஃப்டுக்கும் போகாவிட்டால் டிரைவருக்கு ஒப்பந்தம் போய்விடும்.

"இந்த தபாவாச்சும் சரியாவுமாணா?" என்றார்.

"ஆவும்பா" என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

ஸ்கேனரைச் சொருகினால் அதே பல்லவி: வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பில் கோளாறு. முதல் முறை சென்சாரை மாற்றினேன். அடுத்த முறை, எண்ணெய் விட்டு அந்த நேரத்தை நகர்த்தும் கன்ட்ரோல் வால்வை மாற்றினேன். இப்போது திரையை நிதானமாகப் பார்த்தேன். வண்டியின் கம்ப்யூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைக் கொஞ்சம் நகரச் சொல்கிறது, அது நகரவில்லை. கட்டளை போகிறது, எண்ணெய் போகவில்லை. அப்போதுதான் வால்வுக்கு முன்னால் தனியாக ஒரு வடிகட்டி இருப்பது உறைத்தது. விரல் நுனி அளவு வலை. இரண்டு முறையும் அதைக் கழற்றவில்லை, சோம்பல்தான்.

கழற்றினால் வலை முழுக்கச் சிவப்புத் துணுக்கு.

போன வருஷம் அந்த என்ஜினின் செயின் கவரைப் பூட்டும்போது எண்ணெய் கசியாமலிருக்க நான் தடவிய பேஸ்ட். எங்கள் பக்கம் பேஸ்ட் வெளியே பிதுங்கி நின்றால்தான் வேலை சுத்தம் என்று பேர். பிதுங்காவிட்டால் வண்டிக்காரரே, "இன்னும் கொஞ்சம் போடுணா" என்பார். வெளியே பிதுங்குவது உள்ளேயும் பிதுங்கும், உதிர்ந்து எண்ணெயோடு போகும் என்று யாரும் யோசிப்பதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கழுவி மாட்டி ஸ்டார்ட் செய்தேன். அரை மணி நேரம் ஓடியும் நடுக்கமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தூசி என்ற சொல் வாய் வரை வந்தது, சொல்ல முடியவில்லை. துணுக்கை அவர் கையில் கொடுத்து, "நான் போட்ட பேஸ்ட்டுபா. என் தப்புதான்" என்றேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"சோக்கா ஓடுதுணா" என்றார். "கம்பெனிலேர்ந்து மத்தியானமே போன் வந்துச்சு. வேற வண்டி போட்டுக்கினாங்களாம்."