சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை

1991 பிப்ரவரி, சனிக்கிழமை. காலை ஆறு பத்துக்கு வடக்குப்பட்டில் வீட்டைப் பூட்டினோம். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். நான், மனைவி கமலா, மகன் சேகர், மருமகள், ஆறு வயதுப் பேத்தி என ஐந்து பேர், மூட்டைகள் ஏழு. அவற்றில் நானே சீவிய முளைக்குச்சிகள் பதினான்கு, தரையில் விரிக்க யூரியா சாக்குகள் ஆறு.

பயணம் கமலாவுக்காக. கடலோசை கேட்டபடி ஓர் இரவு படுத்துத் தூங்க வேண்டும் என்று கல்யாணமான வருடமே கேட்டாள். "அடுத்த வருஷம்" என்றேன். முப்பத்தெட்டு வருடமாக அதே பதில்தான். இந்தப் பொங்கல் கழிந்து ஒருநாள், "இந்த வாட்டியும் இல்லன்னா இனிமே கேக்கமாட்டேன்" என்று அரிசி புடைத்தபடியே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சேகர் தொழிற்சாலையில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தான்.

ஏழு மணிக்கு ஒரகடத்தில் பேருந்து. செங்கல்பட்டு சுமார் இருபத்துமூன்று கிலோமீட்டர். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. கண்டக்டர் மூட்டைகளைப் பார்த்து, "இன்னா பெரியவரே, வூட்டையே தூக்கினு வந்துட்டியா?" என்றார்.

"பாதிதான். மீதி அங்க போய் வாங்கணும்."

கடைத்தெருவில் ஒரு ரூபாய் வீதம் முப்பது கீற்றும், நான்கு மூங்கில் கழிகளும் வாங்கினோம். பதினொன்றரைக்குக் கடற்கரையில் கட்டத் தொடங்கினோம். களத்தில் நெல்லுக்குக் காவல் படுக்க நாங்கள் கட்டுகிற அதே கொட்டகை. ஒன்றரைக்கு முடிந்தது. கமலா உள்ளே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள். கடலைப் பார்த்தாளே தவிர, சோற்றைப் பார்க்கவில்லை.

இரண்டேகாலுக்குக் கடற்காற்று ஏறியது. முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. எண்ணினேன்: ஒன்பது. கூரை சாய்ந்து பேத்தியின் தலைமேல் உட்கார்ந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

"நைனா, இன்னொரு தபா அடிச்சிப் பாக்கலாம்" என்றான் சேகர். அடித்தோம். மறுபடி பதினொன்று பிடுங்கிக்கொண்டன. கூரை இல்லாமல் மாசிப் பனியில் குழந்தையைக் கிடத்த முடியாது. கடைசிப் பேருந்து ஐந்து நாற்பதுக்கு.

"கெளம்பிடலாம். அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

கமலா எழுந்து மீனவர் குப்பத்தைப் பார்த்து நடந்தாள். அரைமணியில், வலை காயவைத்துக்கொண்டிருந்த செல்லம்மாள் என்பவளோடு திரும்பினாள்.

செல்லம்மாள் முளை ஒன்றைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தாள். "மாடு கட்டவா வந்தே பெரியவரே? இது இன்னா ஒங்க ஊரு களிமண்ணா? மணலு தானா எதையும் புடிக்காது. நாமதான் பொதைக்கணும்."

"எதைப் பொதைக்கறது?"

"படுக்க இன்னா வெச்சிகீறே?"

"யூரியா சாக்கு."

"அடச்சீ! கையில வெச்சிகினே முழிக்கிறியே."

நான்கு மூலைக்கு நான்கு சாக்குகள். ஈரமணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, தொடையளவு ஆழத்தில் புதைத்து, தண்ணீர் ஊற்றி மிதித்தோம். கயிற்றின் மறுமுனையைக் கூரையில் கட்டினோம். சேகர் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. மணி நான்கு ஐம்பது.

காசு நீட்டினேன். "சாக்கு உன்னுது, மணலு கடலுது. எனக்கு இன்னாத்துக்கு?" என்றவள் கமலாவிடம், "இந்த மனுசன வெச்சிகினு எப்டிக்கா காலம் தள்ளுனே?" என்றாள்.

"பழகிடுச்சி" என்றாள் கமலா.

தூரத்தில் கடைசிப் பேருந்தின் ஹாரன் கேட்டது. மணியைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். அலைகளை எண்ணியபடி படுத்தவன் இருநூற்றுப் பன்னிரண்டில் தூங்கிப்போயிருக்கிறேன். கமலா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கினியா?"

"தூங்கனேன். நடுவுல நடுவுல எழுந்துகினேன். கடல் கீதான்னு பாக்க."

கீற்றையும் கழிகளையும் செல்லம்மாள் வீட்டில் கொடுத்தோம். எங்கள் ஊர் மண்ணில் முளை ஒரே அடியில் இறங்கிவிடும். அதற்காக யாருக்கும் நன்றி சொன்னதில்லை. இங்கே சொன்னேன், இரண்டு முறை.

பிறகு சாக்குகளைத் தோண்டினோம். மூன்று வந்தன. நான்காவதற்குக் குனிந்தேன்.

"அது கெடக்கட்டும்" என்றாள் கமலா.

"நல்ல சாக்கு."

"அடுத்த வருஷத்துக்கு வோணும்."

நிமிர்ந்தேன். கரையில் நின்ற ஒற்றைப் பனையிலிருந்து கிழக்கே அறுபத்துநான்கு தப்படி, அங்கிருந்து வடக்கே பதினொன்று. மூன்று முறை நடந்து சரிபார்த்து, குறித்துக்கொண்டேன்.